ஆய்வை முடித்துவிட்டீர்கள், முடிவை எங்களுக்கு யார் சொல்வது?

பல்கலைக்கழக மருத்துவமனையின் இயக்குநர், புற்றுநோய்த் துறைத் தலைவர், நெறிமுறைக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

என் அக்கா பங்கேற்ற மருந்து ஆய்வு ஏன் பாதியில் நின்றது, அவர் எடுத்தது உண்மையான மருந்தா என்று கேட்டதற்கு உங்கள் ஆய்வு அலுவலகம் எங்களுக்கு அனுப்பிய பதிலைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆய்வு முடித்துக்கொள்ளப்பட்டது, தரவுகள் மருந்து நிறுவனத்துக்குச் சொந்தம், பங்கேற்றவர்களுக்குத் தனித்தனியாக விவரம் சொல்லும் நடைமுறை இங்கே இல்லை, மேலும் விளக்கம் வேண்டுமானால் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளவும். அவ்வளவுதான் பதில். கீழே யாருடைய பெயரும் இல்லை, அலுவலக முத்திரை மட்டும் இருந்தது. தனியாக எழுதிய கடிதங்களுக்குக் கிடைத்தது இதுதான் என்பதால், இந்தப் பதிலை ஏன் ஏற்க முடியாது என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். முதல் அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து கொஞ்ச காலம் நன்றாக இருந்தார், பிறகு திரும்பி வந்தது. மறுபடியும் பிளாட்டினம் சேர்ந்த கீமோ மருந்து கொடுத்தீர்கள், அது முடிந்து ஆறு மாதம் ஆவதற்குள் மீண்டும் தலையெடுத்தது. அப்படி 6 மாதத்துக்குள் திரும்பினால் அது பிளாட்டினத்துக்கு அடங்காத வகை, இனி வழிகள் குறைவு என்று உங்கள் மருத்துவர்தான் எங்களை உட்கார வைத்து விளக்கினார். நல்ல மருத்துவர், அவசரப்படுத்தவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வாராவாரம் பேக்லிடாக்செல் என்ற வழக்கமான கீமோ எப்படியும் கிடைக்கும், அதோடு ஒரு புதிய மாத்திரையைச் சேர்த்தால் பலன் கூடுமா என்று பார்க்கும் ட்ரையல் ஒன்று இங்கே நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை, யாருக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும், நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

அக்கா யோசித்துத்தான் சம்மதித்தார். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து பக்கம் பக்கமாக இருவரும் சேர்ந்து படித்தோம். எனக்குக் கிடைக்காவிட்டாலும் அடுத்து வருபவருக்காவது தெரியட்டும் என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். உங்கள் மருத்துவமனையில் ட்ரையலில் சேரும் பலரும் இதைத்தான் சொல்வார்கள், உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தையை நம்பித்தான் உங்கள் ஆய்வுத் துறையே நடக்கிறது.

அப்புறம் அவர் கொடுத்தவற்றைச் சொல்கிறேன். ஆய்வில் சேர்வதற்காக ஒரு பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து திசு எடுப்பது, மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்து இன்னொன்று, அந்த இரண்டாவது அவருடைய சிகிச்சைக்குத் தேவையே இல்லாதது, ஆய்வுக்காக மட்டும் எடுத்தது. 8 வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன். மாத்திரை போட்ட பிறகு இத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று நாள் முழுக்க உட்கார்த்தி எடுத்த ரத்தம். தினமும் எழுத வேண்டிய குறிப்பேடு, வாந்தி எத்தனை முறை, கை கால் மரத்துப்போனதா, தூக்கம் எப்படி, மாத்திரை எந்த மணிக்கு. கீமோ போட்ட மறுநாள் பேனாவைப் பிடிக்க முடியாதபோதுகூட என்னிடம் சொல்லி எழுத வைப்பார், ஒரு நாள் விட்டாலும் கணக்கு கெட்டுப்போகும் என்று அவ்வளவு கவலை. வேறு வலிக்கு மாத்திரை போடுவதற்குக்கூட ஆய்வின் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். உங்கள் ஆய்வை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

ஸ்கேன்கள் நல்ல செய்தி சொல்லின. கட்டிகளின் அளவுகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது சுருங்கினால்தான் பகுதிப் பலன் என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அக்கா அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார். வயிற்றில் நீர் கோப்பது நின்றிருந்தது. அந்த நிலையில்தான் அடுத்த சுற்றுக்கு முன்னால் ஒரு போன் வந்தது. இனி மாத்திரை இல்லை, ஆய்வு நிறுத்தப்படுகிறது, மீதி மாத்திரைகளையும் குறிப்பேட்டையும் வரும்போது கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள், கீமோ மட்டும் தொடரும். ஏன் என்று அக்கா கேட்டார். போனில் பேசிய ஒருங்கிணைப்பாளர், பாவம், அவருக்கே தெரியவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது, ஆய்வைத் தொடர வேண்டாம் என்று நிறுவனம் முடிவெடுத்துள்ளது, உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று.

ஏன் நிறுத்தினீர்கள் என்பது வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. ஒரு புற்றுநோய் ட்ரையலைப் பாதியில் நிறுத்தச் சில காரணங்கள்தான் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அக்கா அடுத்துச் செய்ய வேண்டியது வேறு. மருந்தால் ஆபத்து என்று கண்டுபிடித்து நிறுத்தியிருந்தால், இதயமா, கல்லீரலா, எதைக் கவனிக்க வேண்டும், மாத்திரை நிறுத்திய பிறகும் வரக்கூடியதா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், இன்றைக்கே தெரிய வேண்டும். இடைக்காலக் கணக்கில் பலனில்லை என்று தெரிந்து நிறுத்தியிருந்தால், சரி, அதை மறந்துவிட்டு அடுத்த வழியைப் பார்ப்போம், அவருக்குக் கிடைத்த பலன் கீமோவால் வந்தது என்று எடுத்துக்கொள்வோம். ஆள் சேரவில்லை என்று நிறுத்தியிருந்தால், மருந்து நல்லதா கெட்டதா என்றே யாருக்கும் தெரியாது என்று அர்த்தம், பெரியவர்களுக்கான புற்றுநோய் ட்ரையல்கள் கணிசமாக முடிவடையாமலே போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று படித்திருக்கிறேன். நிறுவனம் வியாபாரக் கணக்கில் வேறு மருந்துக்குப் பணத்தைத் திருப்பிக்கொண்டது என்றால் அது எல்லாவற்றையும்விட வேறு விஷயம், ஏனென்றால் அப்போது பலன் கிடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மருந்தைக் கருணை அடிப்படையில் தொடர்ந்து கொடுக்கச் சொல்லி நீங்கள் நிறுவனத்திடம் கேட்டிருக்கலாம். கேட்டீர்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இதில் இன்னும் அவசரமான ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு இப்போது நோய் மறுபடியும் வளர ஆரம்பித்துவிட்டது. வேறொரு மருத்துவமனையில் வேறொரு ட்ரையலுக்குப் போனோம். அங்கே முதல் கேள்வியே, இதே வகை மருந்தை முன்பு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் சேர்க்க முடியாது, எடுக்கவில்லை என்றால் சேர்க்கலாம். அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. மாதக் கணக்கில் அவர் விழுங்கியது மருந்தா வெறும் மாத்திரையா என்பது ஒரு கணினியில் இருக்கிறது, ஆய்வு முடிந்துவிட்டதால் இனி அதை மறைத்து வைப்பதால் எந்த அறிவியலுக்கும் எந்த லாபமும் இல்லை, ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை. யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை ஆய்வு நடக்கும்போது மறைப்பது ஏன் என்று எங்களுக்குப் புரிகிறது, மனசு ஒரு பக்கம் சாய்ந்தால் கணக்கும் சாயும். அவசரம் என்றால் நடுவிலேயே அதைத் திறந்து பார்க்க ஒவ்வொரு ட்ரையலிலும் வழி வைத்திருக்கிறீர்கள். உயிர் போகும் ஒவ்வாமை வந்தால் திறப்பீர்கள், அடுத்த சிகிச்சையின் கதவு மூடுகிறது என்றால் திறக்க மாட்டீர்களா?

நிறுவனத்தைத் தொடர்புகொள்ளச் சொன்னீர்களே, கொண்டோம். அவர்கள் மரியாதையாகவே பதில் எழுதினார்கள், பங்கேற்றவர்களின் பெயரோ அடையாளமோ எங்களுக்குத் தெரியக் கூடாது, எங்களிடம் இருப்பது எண்கள் மட்டும், ஆகவே உங்கள் மருத்துவமனையைக் கேளுங்கள் என்று. அது நியாயமான விதி, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் விதி. எந்த எண் எந்த ஆள் என்ற பட்டியல் இருக்கும் ஒரே இடம் உங்கள் மருத்துவமனை. அப்படியென்றால் எங்களுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே இடமும் நீங்கள்தான். அந்த இடத்திலிருந்துதான் எங்களை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

திசு மாதிரிகள் விஷயமும் இப்படித்தான். புதிய மருத்துவமனை அக்காவின் பழைய கட்டியிலிருந்து மெழுகில் பதித்து வைத்த பிளாக் ஒன்று கேட்டது, அதில் மரபணுச் சோதனை செய்ய வேண்டுமாம். உங்கள் நோயியல் துறையில் கேட்டால், இருந்தவை ஆய்வுக்காக நிறுவனத்தின் மைய ஆய்வகத்துக்குப் போய்விட்டன என்றார்கள். திரும்பி வருமா, மிச்சம் இருக்கிறதா, யாரிடம் கேட்க வேண்டும்? தெரியாது. இல்லையென்றால் மறுபடியும் ஒரு ஊசி, மறுபடியும் ஒரு பயாப்ஸி. ஏற்கெனவே உங்கள் ஆய்வுக்காக ஒரு முறை தேவையில்லாமல் குத்திக்கொண்ட உடம்பு அது.

நாங்கள் ஒரு குடும்பம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அதே நாட்களில் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் இன்னொரு அம்மா அதே ஆய்வில் இருந்தார், அவர் இப்போது இல்லை. அவருடைய கணவரை அண்மையில் பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான், அந்த மாத்திரையால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, நான் சேர வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? மருந்தில்லாத மாத்திரை எடுத்த குழுவில் அவர் மனைவி இருந்திருந்தால் இந்த மனிதர் ராத்திரி தூங்கலாம். உண்மையான மருந்தே எடுத்திருந்தாலும், அதனால் இறப்பு கூடவில்லை என்று தெரிந்தால் தூங்கலாம். மோசமான பதிலாகவே இருந்தாலும் அது பதில். இறந்தவர்களின் குடும்பத்துக்குச் சொல்லும் நடைமுறையும் உங்களிடம் இல்லை என்றுதானே அர்த்தம்?

எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஒருங்கிணைப்பாளர். எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பார். ஆய்வு முடிந்ததும் அவருடைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டது, அந்த எண் இப்போது யாரிடமும் இல்லை. படிவத்தில் "கேள்வி இருந்தால் அழைக்கவும்" என்று அச்சடித்திருப்பது இன்னும் அந்த எண்தான்.

நான் ட்ரையல்களுக்கு எதிரி இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன், இந்த மடலை யாராவது எடுத்துக்கொண்டு பாருங்கள் மருத்துவமனைகள் நோயாளிகளைச் சோதனை எலியாக்குகின்றன என்று பரப்பினால் அது எனக்குச் செய்யும் துரோகம். இன்று மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் பலர் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வாங்கிக்கொண்டு வாழ்கிறார்கள் என்றால், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1976இல் தொடங்கிய ஓர் ஆய்வு அதற்கு முக்கியமான காரணம். ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் உடம்பின் மீது நடக்கும் அறுவை சிகிச்சை எது என்பதைக் குலுக்கலுக்கு விட ஒப்புக்கொண்டார்கள். 1985இல் முதல் முடிவு வந்தது, 20 ஆண்டு கண்காணிப்பின் முடிவு 2002இல் வந்தது, உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று உறுதியானது. எத்தனை பெரிய தைரியம் அது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகும் நோயானதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த ட்ரையல்களால்தான். எனக்கு நாளை நோய் வந்தால் நானும் சேர்வேன்.

ஆனால் அதே மார்பக ஆய்வில் நடந்த இன்னொன்றையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மான்ட்ரியலில் இருந்த ஒரு மருத்துவமனையில், தகுதியில்லாத சிலரைச் சேர்ப்பதற்காகப் பதிவேடுகள் திருத்தப்பட்டிருந்தன. ஆய்வை நடத்தியவர்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் அது 1991 வாக்கிலேயே தெரியும். உலகத்துக்குத் தெரிந்தது 1994 மார்ச்சில், ஒரு சிகாகோ நாளிதழ் வெளியிட்ட பிறகு. மார்பை முழுதாக எடுக்காமல் விட்டது சரிதானா என்று பெண்கள் பயந்துபோனார்கள், அதில் பங்கேற்றவர்களே செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த மருத்துவமனையின் தரவுகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டபோதும் முடிவு மாறவில்லை. அறிவியல் தப்பித்தது. நேரத்தோடு பங்கேற்றவர்களிடம் நேராகச் சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்கவே வேண்டாம். உங்கள் மருத்துவமனையில் யாரும் எதையும் திருத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒரு சந்தேகமும் எனக்கில்லை. பேசாமல் இருப்பதே எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இது நீங்கள் மனமிரங்கிச் செய்யும் சலுகை இல்லை. உங்கள் ஒப்புதல் படிவத்திலேயே, இந்த ஆய்வு ஹெல்சிங்கி பிரகடனத்தின்படி நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்று, அதன் பிறகு பல முறை திருத்திய பிரகடனம் அது. ஆய்வின் பொதுவான முடிவுகளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்று 2013இன் திருத்தத்தில் 26ஆவது பத்தி சொல்கிறது. ஆய்வில் பலன் தருவதாகத் தெரிந்த மருந்து, அது இன்னும் தேவைப்படும் பங்கேற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்க ஆய்வு தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 34ஆவது பத்தி. பலனில்லை என்று வந்த முடிவையும், ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்ற முடிவையும்கூட வெளியிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இவை நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவை. நெறிமுறைக் குழுவில் இருக்கும் உங்களுக்கு இவை மனப்பாடமாகவே இருக்கும், அதனால்தான் வருத்தம் அதிகமாகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2014இல் இயற்றி 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறையின்படி, மருந்து ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் பொதுவாக எளிய மொழியில் ஒரு சுருக்கம் பொதுமக்களுக்கு வைக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் 2007இன் சட்டம், அதன் வரம்புக்குள் வரும் ட்ரையல்களின் முடிவுகளைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றக் காலக்கெடு வைக்கிறது. எங்கேயோ உள்ள சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துமா என்பது வழக்கறிஞர் பேச வேண்டிய பேச்சு. அங்கே செய்ய முடிகிற ஒன்று இங்கே செய்ய முடியாதது இல்லை, அவ்வளவுதான் நான் சொல்வது.

தரவுகள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்கிறீர்கள். இருக்கட்டும், ஒப்பந்தம் அப்படி இருக்கலாம். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்? பல்கலைக்கழகம். அந்த ஆய்வை நடத்தலாம் என்று ஒப்புதல் தந்தது யார்? உங்கள் நெறிமுறைக் குழு. அக்காவின் எதிரே உட்கார்ந்து பேனாவை நீட்டியது நிறுவனத்தின் ஆள் இல்லை, உங்கள் மருத்துவர். படிவத்தின் தலைப்பில் இருந்ததும் உங்கள் மருத்துவமனையின் பெயர்தான். மாத்திரை எந்த நிறுவனத்தினுடையது என்று அக்கா பார்க்கவேயில்லை, பல்கலைக்கழக மருத்துவமனை சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். சேர்க்கும்போது உங்கள் பெயர், முடிக்கும்போது நிறுவனத்தின் பெயர் என்றால், நடுவில் இருக்கும் நோயாளி யாரைப் பிடித்துக் கேட்பது?

கெட்ட செய்தி சொன்னால் நோயாளி மனமுடைந்துபோவார் என்று ஒரு வாதம் கேட்டேன், உங்கள் துறையிலேயே ஒருவர் அப்படிச் சொன்னார். புற்றுநோய் மறுபடி மறுபடி திரும்பிய ஒருவரிடம், இனி வழிகள் குறைவு என்ற செய்தியை நேருக்கு நேர் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, ஒரு மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்வதா கஷ்டம்? கேட்டுப் பார்த்த இடங்களில் எல்லாம், பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் முடிவைத் தெரிந்துகொள்ளவே விரும்புகிறார்கள், நல்லதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வேண்டாம் என்பவருக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டம் வைத்தால் போயிற்று.

நோயாளியோடு பேசுவதை மரியாதைக்காகச் செய்யும் காரியமாக மட்டும் பார்க்காதீர்கள் என்பதற்கு உங்கள் துறையிலேயே ஆதாரம் இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 766 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவினர் தங்கள் தொந்தரவுகளைக் கணினி வழியே தொடர்ந்து தெரிவித்தார்கள், கடுமையாகப் போனால் செவிலியருக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வெளியான முடிவில், தெரிவித்தவர்களின் இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புது மருந்து எதுவும் இல்லை, சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவே. அக்கா எழுதிய குறிப்பேடுகளை யார் படித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பிக் கேட்டபோது, அது ஆய்வின் சொத்து என்றார்கள்.

ஆள் பற்றாக்குறை உங்களுக்கு இருக்கிறது, நேரில் பார்த்திருக்கிறேன், ஒரே ஒருங்கிணைப்பாளர் எத்தனை ஆய்வுகளைத் தூக்கிச் சுமந்தார் என்றும் தெரியும். புது ட்ரையல் தொடங்க ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது, பழையதை முடித்துவைக்க இரண்டும் இல்லை என்பதுதான் பிரச்சினை. நிறுவனத்திடம் ஒப்பந்தம் போடும்போதே முடிவு சொல்வதற்கான செலவையும் சேர்த்துக் கேட்க உங்களால் முடியும். ரத்தக் குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் போட்டுக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பும் செலவு அந்த ஒப்பந்தத்தில் இருக்கும்போது, ஒரு கடிதமும் ஒரு சந்திப்பும் எந்த மூலைக்கு?

சரி, என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அக்கா எந்தக் குழுவில் இருந்தார் என்பதை எழுத்தில், ஒரு வாரத்துக்குள், அவருக்கும் அவரை இப்போது பார்க்கும் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். இது காத்திருக்கும் விஷயம் இல்லை, அடுத்த ஆய்வில் இடம் எங்களுக்காகக் காலியாக இருக்காது. அவர் உண்மையான மருந்தை எடுத்த குழுவில் இருந்தார் என்று தெரிந்தால், அது இன்னும் அவருக்குப் பயன்படுமா என்று உங்கள் மருத்துவர் பார்த்து, பயன்படும் என்றால் கருணை அடிப்படையில் தரும்படி நிறுவனத்துக்கு மருத்துவமனையின் பெயரில் எழுதுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பையும் எங்களுக்குக் காட்டுங்கள்.

அந்த ஆய்வில் இருந்த எல்லோருக்கும், இறந்தவர்களின் குடும்பங்களில் விரும்புபவர்களுக்கும், ஆய்வு ஏன் நிறுத்தப்பட்டது, பாதுகாப்பு பற்றி இதுவரை என்ன தெரிந்தது, யார் எந்தக் குழுவில் இருந்தார் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி அனுப்புங்கள். கடிதத்தோடு நிறுத்தாமல், ஒரு மருத்துவர் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு சந்திப்பும் வையுங்கள். நான் சொன்ன அந்தக் கணவரிடம் முதலில் பேசுங்கள். அவர் யார் என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும், அவருடைய அனுமதி இல்லாமல் நான் பெயர் சொல்ல மாட்டேன்.

திசு பிளாக்குகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொருவருக்கும் கணக்குக் கொடுங்கள், மிச்சமிருப்பதைத் திருப்பி வாங்கி உங்கள் நோயியல் துறையில் வையுங்கள். இனி நடக்கும் ஆய்வுகளில் நோயாளியின் சொந்தச் சிகிச்சைக்கு வேண்டிய அளவு திசுவை மருத்துவமனையிலேயே ஒதுக்கி வைத்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும். குறிப்பேடுகளின் நகலையும் கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

நெறிமுறைக் குழுவுக்குத் தனியாக ஒரு கோரிக்கை. ஆய்வு முடியும்போது, அல்லது பாதியில் நிற்கும்போது, யார், எத்தனை நாளுக்குள், எந்த மொழியில் முடிவைச் சொல்வார், மாத்திரையின் ரகசியம் எப்போது திறக்கப்படும், பலன் கண்டவருக்கு மருந்து எப்படித் தொடரும் என்று எழுதி வைக்காத எந்த ட்ரையலுக்கும் இனி ஒப்புதல் தராதீர்கள். இப்போது நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளிலும் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். படிவத்தில் இருக்கும் தொடர்பு எண் ஒரு தனி ஆளின் கைப்பேசியாக இருக்கக் கூடாது, அந்த ஆள் போன பிறகும் மருத்துவமனையில் யாராவது எடுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். முடிந்த ஆய்வுகள், நின்றுபோன ஆய்வுகள், அவற்றில் எவற்றின் முடிவு வெளியாகியிருக்கிறது, எவற்றினுடையது இன்னும் வெளிவரவில்லை என்ற பட்டியலை ஆண்டுக்கொரு முறை மருத்துவமனையின் பெயரிலேயே வெளியிடுங்கள்.

ஆய்வு அலுவலகத்தின் அந்தப் பதிலைத் திரும்பப் பெற்று, இவற்றில் எதைச் செய்வீர்கள், எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று 30 நாட்களுக்குள் பெயரும் கையெழுத்தும் உள்ள பதிலை அனுப்புங்கள். அந்தப் பதிலை ஆய்வில் இருந்த மற்ற குடும்பங்களுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வில் பங்கேற்ற ஒருவரின் தங்கை